ஐஸ் கம்பெனிச் சுவர்

விடிவதற்கு முன் பழவேற்காட்டு ஏரித் தண்ணீர் எலும்பைக் குடையும். இருசம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவினாள்.

இறால் தடவுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. தோணிரேவு கிராமத்துப் பெண்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாகத்தான் நகர்வார்கள். ஒருத்தி கைக்குத் தப்பியது அடுத்தவள் கையில் சிக்கும். வாயில் பறி இருப்பதால் தோளை இடிப்பதுதான் பேச்சு. இப்போது இருசம்மாளுக்கு இரண்டு பக்கமும் வெறும் தண்ணீர். தப்பிய இறால் தப்பியதுதான். வரிசை அவளுக்கு முதுகைக் காட்டித் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் அந்தச் சுவர் செய்த வேலை. இறால் ஏஜெண்ட் உலகநாதன் விலையைக் குறைத்தபோது, கப்பலேறிப் போகிற இறாலுக்கு எங்கள் கையில் மட்டும் ஏன் விலை இறங்குகிறது என்று தராசின் முன்னால் கேட்டவள் இருசம்மாள். மறுநாள், பஸ் நிற்கும் இடத்தில் உள்ள அவருடைய ஐஸ் கம்பெனிச் சுவரில் கரியால் ஒரு வரி இருந்தது: இருசம்மாள் ஏரியில் விஷ மருந்து கலக்கிறாள்.

அந்தக் கோடையில் முகத்துவாரம் மணல் மூடி, தண்ணீர் சூடேறி, மீன் செத்து மிதந்தது. முகத்துவாரம் அடைத்தால் மீன் சாகும் என்பது ஊருக்குத் தெரியாததா? ஆனாலும் திட்டுவதற்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது. எழுதியவன் பேர் இல்லை. பேர் போட வேண்டாம் என்றால் எவனுக்கும் துணிச்சல் வரும். அவள் புருஷன் விட்டுப் போன காரணத்தை ஒருவன் எழுதினான். அசிங்கமாக ஒரு படம் போட்டான் இன்னொருவன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் உரக்கப் படித்துச் சிரித்தார்கள்.

இருசம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தன் பேர் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாமல் முழுச் சுவரையும் பார்த்துக் கூசினாள். பல வருஷம் பக்கத்தில் நின்று தடவிய எல்லம்மாவிடம் நியாயம் கேட்டுப் போனாள்.

“ஊரே சொல்லுதுக்கா. நான் இன்னா பண்றது?” என்றாள் எல்லம்மா, முகத்தைப் பார்க்காமல். அதற்குப் பிறகு இருசம்மாள் யார் வாசலுக்கும் போகவில்லை. வீட்டில் தனியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தாள்.

விலை மறுபடியும் இறங்கியது. இந்த முறை பொறுக்கமாட்டாமல் கேட்டவள் எல்லம்மா. மறுநாள் அவள் பேரும் சுவரில் ஏறியது. அதே கரி, அதே மருந்து.

அடுத்த விடியலில் இருசம்மாளின் தோளை ஒரு தோள் இடித்தது. எல்லம்மா பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

“நான் எதுவும் கலக்கலக்கா.”

“தெரியும்.”

“அப்ப நீயும் கலக்கல.”

இது புரிய உன் பேர் ஏற வேண்டியிருந்ததா என்று கேட்க இருசம்மாளுக்கு நாக்கு துடித்தது. அழுகை முந்திக்கொண்டது.

எல்லம்மா திரும்பி வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “இன்னிக்கி நானு. நாளைக்கு யாரு பேருடீ?”

வரிசை நின்றது. பிறகு மெதுவாக வளைந்து அவர்கள் பக்கம் வந்தது.

கரையேறியவர்கள் தராசுக்குப் போகவில்லை. கை நிறைய ஏரிச் சேற்றை அள்ளிக்கொண்டு நேரே ஐஸ் கம்பெனிக்கு நடந்தார்கள். கரி தெரியாதபடி அப்பினார்கள். உலகநாதன் வெளியே ஓடி வந்தார்.

“யாரைக் கேட்டு என் செவுத்துல சேறு பூசுறீங்க?”

இருசம்மாள் திரும்பினாள். “எழுதுனப்ப இது யாரு செவுரு மொதலாளி?”

பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. உலகநாதன் சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு, வெயில் ஏறினால் இறால் கெட்டுவிடும், வந்து எடை போடுங்கள் என்றார். விலையைச் சொல்லுங்கள் என்றாள் எல்லம்மா. அவர் சொல்லவில்லை.

பெண்கள் பறிகளை மடியில் வைத்து அந்தச் சுவரடியிலேயே உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. இறால் கெட்டால் இன்று அடுப்பு எரியாது. அது எல்லோருக்கும் தெரியும். இருசம்மாளின் ஒரு பக்கத்தில் எல்லம்மா. மறுபக்கம் இருந்தவளும் நகர்ந்து வந்து தோளால் இடித்தாள்.