ஏரிக்கு அந்தப் பக்கத்து மனைகள்

அந்த ஆன்லைன் விளையாட்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆளுக்கொரு மனை இலவசம். எந்த இடம் என்பதை மட்டும் புரோகிராம்தான் முடிவு செய்யும். புரோகிராமுக்கு விதி எழுதுகிறவளை அலுவலகத்தில் 'சர்வேயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். விதி ரொம்பச் சுலபம்: மனை சாலையை ஒட்டி இருக்க வேண்டும். ஒதுக்குப்புறத்தில் விட்டால் வந்தவர் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார், மூட்டையைக் கட்டிவிடுவார்.

சோதனைக்காக அந்த விதியை அணைத்தவள், திரும்பப் போட மறந்துவிட்டாள். யாராவது செய்வார்களா இப்படி! அந்த மாதம் சேர்ந்தவர்கள் மொத்தப் பேரும் ஏரிக்கு அந்தப் பக்கம், பாதையே இல்லாத சதுப்பில் போய் விழுந்தார்கள். அவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா இறந்துபோனதிலிருந்து பேச்சே இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் ஒரு 'ம்'. அவ்வளவுதான். கெஞ்சிக் கூத்தாடி விளையாட்டில் சேர்த்துவிட்டவள் அவள்தான்.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போயிற்று.

"எல்லாரையும் டவுன் பக்கம் மாத்திடு. சாயங்காலத்துக்குள்ள முடியணும்."

மாற்றினால் கட்டியது, நட்டது எதுவும் கூட வராது. பக்கத்து மனைக்காரர்களும் மூலைக்கொருவராகச் சிதறிப்போவார்கள். மத்தியானம் சாப்பாட்டைத் திறக்காமலே அப்பாவுக்கு போன் போட்டாள்.

"அப்பா, உங்க மனைய வேற இடத்துக்கு மாத்தணும்பா. தப்பு என்னோடதுதான். அங்க ரோடே இல்ல."

"ரோடு இல்லைன்னு எனக்குத் தெரியாதா? பக்கத்துல ஒரு வாத்துக்காரன். அவன் வாத்தெல்லாம் என் கீரையத் தின்னுடுச்சு. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான். அப்புறம் அவனே வந்து வேலி போட்டுக் குடுத்தான். ஒரு நர்ஸ் பொண்ணு படகு செஞ்சு எங்களையெல்லாம் ஏத்திட்டுப் போகுது. மாத்துற வேலையெல்லாம் வச்சுக்காத, சொல்லிட்டேன்!"

அப்பாவா இவ்வளவு பேசியது? அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனாள்.

"சார், மனைங்க அப்படியே இருக்கட்டும். ரோட்ட அங்க கொண்டு போயிடலாம். ஏரி மேல ஒரு பாலம் போட்டா போதும்."

"என்ன விளையாடுறியா? ரோடில்லாத இடத்துல இந்நேரம் பாதிப் பேர் ஓடியிருப்பானுங்க."

"ஒருத்தர்கூடப் போகல சார். வேணும்னா லிஸ்ட நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார்.

"சாயங்காலம் பாலம் நிக்கணும். இல்லேன்னா மாத்திடுவேன்."

பாலம் நின்றது. நடுவில் லேசான கோணல்தான், அவசரத்தில் போட்டது வேறெப்படி இருக்கும்? அவள் வீடு திரும்பியபோது அப்பா வாசலிலேயே நின்றார்.

"ரோடு வந்துடுச்சு! பஸ் விடப்போறேன். வாத்துக்காரன்தான் கண்டக்டர். அந்தக் கோணலப் போட்டது யாரு, நீயா? பரவால்ல, திருப்பிடுவேன். முத ஸ்டாப்புக்கு உங்கம்மா பேரு வச்சிருக்கேன். டிரைவருக்குப் பின்சீட்டு அவளுது, யாரும் உக்காரக்கூடாதுன்னும் சொல்லிட்டேன்."

அப்பா ஓட்டிய பஸ்ஸில் அம்மா எப்போதும் அந்த சீட்டில்தான் உட்காருவாள்.

அப்பா மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மத்தியானம் சாப்பிட்டியா நீ?"

"ம்" என்றாள்.

"பொய் சொல்லாத. வா, உக்காரு" என்று தட்டை எடுத்துவைத்தார்.