அடியில் விழுந்த படங்கள்

குவாரி ஆபீசில் கம்ப்யூட்டர், ஒயர் வேலையெல்லாம் பார்க்கிறவனை எல்லோரும் ஒயர்காரன் என்பார்கள். சர்வரில் புது டிஸ்க் போடுவதற்காக, எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டரில் பொருத்தியிருந்த சர்வர் ஃபோல்டரை அவன் கழற்றினான். கழற்றினால் அந்த இடம் காலியாகத் தெரிய வேண்டும். ஆனால் குவாரி ஆட்களின் நெஞ்சு எக்ஸ்ரே படங்கள் அங்கே வரிசையாகக் கிடந்தன. எல்லாம் மழைக்காலத்தில் ஒரே நாளில் எடுத்தவை.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?" என்றாள் எக்ஸ்ரேக்காரி.

"இந்தப் படம் எடுத்த அன்னைக்கு சர்வர் செத்துக் கெடந்துச்சா?"

"கெடந்துச்சு. அதுக்கென்ன? என் கம்ப்யூட்டர் ஓடுச்சு, எடுத்துத் தள்ளிட்டேன்."

அதுதான் வினை. முன்பெல்லாம் சர்வர் அணைந்திருந்தால் இந்தக் கம்ப்யூட்டர் அதைத் தேடிக்கொண்டு பாதியிலேயே நின்றுவிடும். உன் சர்வருக்காக நான் தவம் கெடக்கணுமா என்று அவள் தினமும் உயிரை வாங்கினாள். சர்வர் இல்லாவிட்டால் காத்திருக்காதே என்று அமைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். பொருத்தியிருக்கும்வரை இங்கே போடும் படம் சர்வருக்குப் போகும். பொருந்தாத அன்று இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே விழும். சர்வர் திரும்ப வந்து பொருந்தியதும் குழிமேல் பலகை போட்டது போல மூடிக்கொள்ளும். அடியில் கிடப்பது ஒருவர் கண்ணிலும் படாது.

கம்பெனி டாக்டர் தன் அறையில் சர்வரைத்தான் பார்ப்பார். அதில் இருந்தது போன வருடத்துப் படங்கள். தேதியைக் கவனிக்காமல் எல்லோருக்கும் வேலைக்குத் தகுதி என்று போட்டுவிட்டார்.

ஒயர்காரன் தன் மச்சானின் படத்தைத் தேடினான். அக்கா புருஷன், பாறையில் துளை போடும் மெஷின் ஓட்டுகிறவர். மழை விட்டதிலிருந்து இருமல் நிற்கவில்லை. அக்கா நச்சரித்தபோதெல்லாம், டாக்டரே நல்லாருக்குன்னுட்டார் என்று வாயை அடைத்துவிடுவார். படம் திறந்தது. நுரையீரலின் மேல்பாதி முழுக்கச் சுண்ணாம்பைத் தெளித்தது போல வெள்ளை.

எக்ஸ்ரேக்காரி எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எடுக்கும்போது நீங்க பாக்கலியா?"

"பாத்தேன். வாயத் தொறந்தா நீ என்ன டாக்டரான்னு கேப்பாங்க. அவருதான் பாக்கப் போறாரேன்னு இருந்துட்டேன்."

சாப்பாட்டு நேரத்தில் குவாரிக்குப் போனான். மச்சான் டிரம் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தண்ணீர் கல்தூசி கலந்து பால் மாதிரி ஓடியது.

சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் எக்ஸ்ரேக்காரிக்கும்."

"அப்ப மூடினது மூடினபடியே கெடக்கட்டும்."

"மூச்சு போயிடும் மச்சான்."

"மெஷின விட்டு எறக்கிட்டா உங்கக்கா என்னைய என்ன பண்ணுவா, ஷோகேஸ்ல வைப்பாளா? மொதல்ல உனக்குத்தான் மாப்ள சீட்டு கிழியும். அத யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"யோசிச்சுட்டும் வந்து நிக்கிற பாரு." சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்தது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அவன் காத்து நின்றான். அது சுலபத்தில் அடங்கவில்லை.

திரும்பி வந்து படங்களை வேறிடத்தில் நகர்த்தி வைத்தான். சர்வர் பொருந்தாதபோது அந்த ஃபோல்டரில் எதுவும் விழாதபடி பூட்டினான். பிறகு சர்வரைப் பொருத்தி, எடுத்த தேதி மாறாமல் எல்லாப் படத்தையும் ஏற்றிவிட்டு டாக்டர் அறைக்கு நடந்தான்.

டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "தேதிய மாத்தி ஏத்திடலாமே. உனக்கும் நல்லது."

"மாத்த முடியாது சார்," என்றான். முடியும் என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டுப் புதிதாகப் படம் எடுத்தார்கள். மச்சானுடையதில் வெள்ளை அடிவரை இறங்கியிருந்தது. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, "மழைக்காலத்துலயே எறக்கியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மச்சான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"மெஷின்லேர்ந்து எறக்கிட்டாங்க."

"அது தெரிஞ்சதுதான். எப்ப சரியாகுமாம்?"

ஒயர்காரன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு."

"சரியாகாதாம் மச்சான்."

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார்.

"உங்கக்காட்ட நீயே சொல்லிடு," என்றார். "நான் சொன்னா, டாக்டரே நல்லாருக்குன்னார்னு நீங்கதான சொன்னீங்கம்பா."