பலகையில் இடமில்லாத பதில்

பயிற்சியின் கடைசி நாள், மதிப்பீட்டுப் பாடம். ஷிஹோ தான் படித்த நடுநிலைப் பள்ளிக்கே பயிற்சி ஆசிரியையாகத் திரும்பியிருந்தாள். வகுப்பின் பின்னால் நாற்காலி போட்டு மற்ற ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இதில் தேறினால்தான் ஆசிரியர் சான்றிதழ்.

வழிகாட்டி நெமோட்டோ சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பாடம் முடியற வரைக்கும் பலகையில எதையும் அழிக்கக் கூடாது. பெல் அடிக்கும்போது பார்த்தா முழுப் பாடமும் அதுல தெரியணும்." அதனால் எதை எங்கே எழுதுவது, பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்பதுவரை முன்கூட்டியே காகிதத்தில் வரைந்தாயிற்று. அவர் திரும்பத் திரும்பத் திருத்தினார்.

பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பி நாரை எரித்தால் எடை கூடுமா, குறையுமா? அதுதான் அன்றைய கேள்வி.

"குறையும் டீச்சர்," என்றான் ஹயாட்டோ. "எரிஞ்சா எல்லாம் போச்சே."

"நீ சமையல் வகுப்புல கருக்கின மீன் மாதிரியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது.

ஹயாட்டோவின் பதில் திட்டத்தில் இருந்தது, ஷிஹோ எழுதினாள். நாரை எரித்தாள். தராசு எடையைக் கூட்டிக் காட்டியது. அதுவும் திட்டத்தில் இருந்தது. ஆக்சிஜன் சேர்ந்ததால் கூடியது என்ற முடிவை வலது மூலையில் எழுதுவதுதான் பாக்கி.

அதுவரை வாய் திறக்காத சினாட்சு கை தூக்கினாள்.

"அப்ப எங்க சித்தப்பா மட்டும் ஏன் குறைஞ்சாரு? போன மாசம் அவரை எரிச்சதுக்கப்புறம் எல்லாரும் குச்சியால எலும்பை எடுத்து ஜாடியில வச்சோம். நான்தான் மடியில வச்சுட்டு வந்தேன். ரொம்ப லேசா இருந்துச்சு டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. ஷிஹோவுக்கும் அந்த எடை தெரியும். போன குளிர்காலத்தில் அம்மாவின் ஜாடியை டாக்சியில் அவள்தான் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், கனத்தினால் அல்ல.

இந்தப் பதிலுக்குப் பலகையில் இடமில்லை. முடிவுக்கு விட்ட மூலை மட்டும்தான் இருந்தது. நெமோட்டோ சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஷிஹோ அந்த மூலையில் எழுதினாள்: 'சித்தப்பா, லேசு.'

"மீதி எங்க போயிருக்கும்?"

"புகையா," என்றான் ஹயாட்டோ, தணிந்த குரலில்.

"அந்தப் புகையையும் பிடிச்சுத் தராசுல வச்சா?"

சினாட்சு யோசித்தாள். "சித்தப்பாவை விடக் கனமா இருக்குமோ?"

பெல் அடித்துவிட்டது.

"முடிவு எழுதலையேம்மா," என்றார் நெமோட்டோ சார், மற்றவர்கள் போன பிறகு.

"இடம் இல்ல சார்."

"பார்த்தேன். மத்தியானம் அடுத்த வகுப்புக்கு இதே பாடத்தை எடு. அதுக்கப்புறம் சொல்றேன்."

மத்தியானம் அவள் பலகையின் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு எழுதினாள். அந்த வகுப்பில் எல்லோரும் திட்டத்தில் இருந்த பதில்களையே சொன்னார்கள். முடிவு வலது மூலையில் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது.

"நடுவுல என்னம்மா ஓட்டை?"

"யாராவது ஏதாவது சொன்னா எழுதலாம்னு."

"யாரும் சொல்லலையே."

"இல்ல சார்."

அவர் அறிக்கையில் தன் முத்திரையைக் குத்தினார். "தேறிட்டே. பலகையைத் துடைச்சிடு."

ஷிஹோ ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். நடுவில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.