காலில் வளையமிட்ட உள்ளான்

குழம்பிலிருந்த மூன்றாவது உள்ளான் குருவியைக் கடித்தபோது மஹாலட்சுமியின் பல்லில் ஏதோ தகரம் மாதிரித் தட்டுப்பட்டது. துப்பிப் பார்த்தாள். மசாலா அப்பிய ஒரு குட்டி வளையம். விரலால் துடைத்ததும் ரஷ்ய எழுத்தில் ஓர் ஊர்ப் பெயரும், கீழே ஏழு எண்களும் தெரிந்தன.

எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சம்பந்தம் மாமா நிமிர்ந்தார். "இன்னா கண்ணு, கல்லா?"

"ஆமா மாமா."

வளையத்தை இடது கைக்குள் மூடிக்கொண்டாள். அதன்பிறகும் மிச்சக் குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டு முடித்தாள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கோவிலம்பாக்கத்தில் அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் மஹாதான். அம்மா அங்காளம்மா மேடவாக்கம் ரோட்டோரம் மீன் விற்கிறாள். மாமா, அம்மாவின் தம்பி, பாதி நாள் கடலுக்குப் போவார், பாதி நாள் வலையை விரித்துவைத்துக்கொண்டு கிழிசல் தைப்பார். மஹா விலங்கியல் படித்தாள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் ஏரி ஏரியாகப் போய்ப் பறவை எண்ணுகிற கூட்டத்தில் இருக்கிறாள். மாடம்பாக்கத்துச் சின்மயி அக்காதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. வருகிற ஜூனில் வடகோடி ரஷ்யாவில் பறவைகளுக்கு வளையம் மாட்டும் முகாம் ஒன்று நடக்கிறது. அதற்கு உதவியாளாக மஹாவின் பெயரைப் பரிந்துரைத்திருப்பதும் சின்மயிதான்.

பெயர் போனதிலிருந்து மஹா வீட்டில் வேறு எதுவும் பேசவில்லை. அங்கே மரமே இல்லை, கோடையில் சூரியன் மறைவதும் இல்லை என்பாள். இருக்கிற வில்லோ மரமும் கணுக்கால் உயரம்தான், காட்டுக்கு மேலேயே நடந்து போகலாம் என்பாள். தரைக்கடியில் எந்தக் கோடைக்கும் உருகாத பனி. மேலே ஒரு முழம் மட்டும் இளகிச் சேறாகும். தண்ணீர் இறங்க வழியில்லாமல் குட்டை குட்டையாக நிற்கும். குட்டையைச் சுற்றி நுனியில் பஞ்சு வைத்த புல், கலைமான் மேயும் சாம்பல் நிறப் பாசி, கண்ணைத் திறக்கவிடாத கொசு. லெம்மிங் என்று ஒரு குட்டைவால் எலி. அது பெருத்த வருஷம் நரிகள் வயிறு நிறைந்து சும்மா கிடக்கும். எலி இல்லாத வருஷம் அதே நரிகள் உள்ளானின் முட்டையையும் குஞ்சையும் தேடித் தேடித் தின்னும். தப்பித்த குஞ்சுகளைத் தாயும் கூட்டிப் போவதில்லை, தகப்பனும் கூட்டிப் போவதில்லை. பெரியதெல்லாம் முன்னாலேயே கிளம்பிவிடும். இதுகள் பின்னால் தாமாகவே வழி கண்டுபிடித்து நம்ம ஏரிக்கு வந்து சேரும்.

"சூரியன் முழுவாதா? அப்போ அதுங்க எப்பத்தான் தூங்கும்?" என்று மாமா கேட்பார். அவர் கேட்கக் கேட்க இவளுக்குப் பேச்சு பொங்கும். அப்படிப் பொங்கிய ஒரு நாள்தான் ஒரு காகிதத்தில் ஏரியை வரைந்து காட்டினாள். தெற்குக் கரையில் கோரைக்கு நடுவே இந்த இடைவெளி, பொழுது சாயும்போது இருநூறு உள்ளானுக்குக் குறையாமல் தாழப் பறந்து இதன் வழியாகத்தான் வந்து இறங்கும் என்றாள். மாமா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காத்து எந்தப் பக்கம் இருக்கும்?" என்றார். கடலுக்குப் போகிறவன் சும்மா காற்றைக் கேட்க மாட்டான். அது இவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் தன்னிடம் ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார் என்கிற மிதப்பில் காற்றையும் சொன்னாள், நேரத்தையும் சொன்னாள்.

பத்து நாள் கழித்து இவளுக்கு நெஞ்சுச் சளி பிடித்தது. விடியற்காலைச் சேற்றில் நின்றால் பிடிக்காமல் என்ன செய்யும். மாமா பழைய வலையோடு போனார், பதினாலு உள்ளானோடு வந்தார். நெஞ்சுச் சளிக்கு மிளகு தூக்கலாகப் போட்ட உள்ளான் குழம்புக்கு மேல் அந்த வீட்டில் மருந்து கிடையாது. அம்மா மட்டும் மகளின் முகத்தைப் பார்க்காமல், காடை என்று சொல்லி வைத்தாள். காடைக்கு இவ்வளவு சின்ன நெஞ்சு கிடையாது. வாசனை வந்தபோதே மஹாவுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டால் சாப்பிட முடியாது என்றுதான் கேட்கவில்லை. அவ்வளவு ருசி.

கையைக் கழுவிய பத்தாவது நிமிடம் சின்மயிக்குச் செய்தி அனுப்பினாள். தெற்குக் கரை, வளையமிட்ட உள்ளான், எண் இது, உயிரோடு. ஏன் அப்படி அனுப்பினாள்? அந்த எண்ணை விட மனசில்லை. அது எப்படி வாய்க்குள் வந்தது என்று சொல்லவும் துணிச்சல் இல்லை.

இரண்டு நாளில் சின்மயியிடமிருந்து பதில் வந்தது. வளையம் மாட்டியவர்களோடு பேசியிருந்தாள். போன ஜூலையில் அங்கே அவர்கள் குஞ்சாக இருக்கும்போதே மாட்டிய வளையமாம். போன வருஷம் எலி இல்லாத வருஷம். பத்தொன்பது குஞ்சுக்கு மாட்டினார்களாம். அதில் ஒன்றைப் பற்றி வந்த முதல் சேதி இதுதானாம். அந்த ரஷ்யப் பெண்மணி சந்தோஷத்தில் அழுதுவிட்டாளாம். ஞாயிறு எல்லாரையும் கூட்டிக்கொண்டு பார்க்க வருகிறோம் என்று முடித்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா வலை தைத்துக்கொண்டிருந்தபோது மஹா வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். எங்கிருந்து வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அதை நகத்தால் உருட்டினார்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வலையைத் தொட்டிருக்கவே மாட்டேனே. சளி தானா போயிருக்கும்." பிறகு, குற்றம் சாட்டும் குரலில் இல்லை, விளங்காமல்தான் கேட்டார்: "நீ தெரிஞ்சிகினேவா துன்ன?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஆறரைக்கு ஏரிக்கரையில் பதினோரு பேர். பொழிச்சலூரிலிருந்து ஸ்ரீரங்கன் சார் முழங்கால் வலியோடு வந்து கேமராவை நிறுத்தியிருந்தார். எல்லாரும் குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். வளையம் இருக்கிற காலை யார் முதலில் பார்ப்பது என்று தங்களுக்குள் கேலி வேறு. மஹாவும் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு தேடுவது போல் நின்றாள். அரைமணி நேரம் அப்படி நின்றாள்.

சின்மயி பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினாள். "மஹா, நீ போட்டோ எடுத்து ஜூம் பண்ணிருப்பன்னு நெனச்சேன். போட்டோ இல்லேங்கற. என் ஸ்கோப்லயே அந்த வளையம் ஒரு கோடாத்தான் தெரியும். ஏழு நம்பரையும் எப்படிப் படிச்ச?"

மஹா பாக்கெட்டிலிருந்து வளையத்தை எடுத்து நீட்டினாள். சின்மயி வாங்கவில்லை. பார்த்தாள், புரிந்துகொண்டாள். முகம் சிவந்து, பிறகு இளகியது.

"சரி, விடு. உங்க சைடுல இதெல்லாம் சகஜம். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, பாவம். நான் இவங்ககிட்ட பறவை கிளம்பிடுச்சுன்னு சொல்லிக்கறேன். ஜூன் உனக்கு முக்கியம்."

உங்க சைடு. வேறொரு நாளாக இருந்தால் அந்த இரண்டு வார்த்தைக்கே மஹா ஏரிக்கரை அதிரக் கத்தியிருப்பாள். இன்று அந்த வார்த்தைக்குள் போய் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. மாமாவைப் பாவமாக்கிவிட்டால் போதும், ஜூனில் விமானம் ஏறலாம். ஒரு கணம் அவளுக்கு அது வேண்டியும் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

"அவங்களுக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியும்," என்றாள். பிறகு மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தேடாதீங்க. அது இல்ல. நான் தின்னுட்டேன்."

ஸ்ரீரங்கன் சார் கேமராவிலிருந்து தலையெடுத்தார். என்னம்மா சொல்ற என்றார். இடம் காட்டியது, காற்று சொன்னது, வலை வீசிய சாயங்காலம், பதினாலு உள்ளான், அதில் தன் தட்டுக்கு வந்தது மூன்று என்று வரிசையாகச் சொன்னாள். பிடித்தது யார் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "என் பேரை எழுதிக்குங்க," என்றாள். அங்கேயே நின்று அந்த ரஷ்யப் பெண்மணிக்கு அனுப்ப அவள் பாதி நிரப்பி வைத்திருந்த படிவத்தைப் போனில் திறந்து, 'உயிரோடு' என்பதை அழித்து, சாப்பிட்டது நான் என்று எழுதி அனுப்பினாள்.

"இதுக்கப்புறம் உன் பேரை நான் எப்படிச் சொல்றது?" என்றாள் சின்மயி.

"சொல்லாதீங்கக்கா."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள், அது அவளுக்குக் கைவந்த கலை. ஸ்ரீரங்கன் சார் லென்ஸ் மூடியைத் தேடி எடுத்து மாட்டினார். வந்தது வந்தோம், எண்ணிக்கையாவது எடுப்போம் என்றார் ஒருவர். எப்போதும் மஹா கையில் கொடுக்கிற நோட்டைச் சின்மயி ஒரு நொடி பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தாள்.

கூட்டம் கரையோடு நகர்ந்தது. வீட்டுக்குப் போய்விடலாம், பத்து நிமிட நடைதான். போனால் தப்பித்த மாதிரி ஆகிவிடும். பத்தடி பின்னால், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், எல்லாரும் எண்ணி முடிக்கும்வரை கூடவே நடந்தாள்.