ஸ்டார்க்வால்ட் தென் மண்டலத் தலைவர்

உலகம் வழக்கம்போல் கவனிக்கத் தவறிவிட்ட ஒரு மாபெரும் செய்தியை முறைப்படி அறிவிக்கும் கடமை இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது. கிருஷ்ணா நதிக்குத் தெற்கே குமரிமுனை வரை பரந்து கிடக்கும் நிலம் முழுவதற்கும், ஸ்டார்க்வால்ட் மோட்டார் சைக்கிளின் ஏகப் பிரதிநிதியாகவும் தென் மண்டலத் தலைவராகவும், மரக்காணம் உப்பள உரிமையாளர் தட்சணாமூர்த்தி அவர்கள் வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ராகுகாலம் தவிர்த்து, பொறுப்பேற்பதாக இருந்தது.

இந்த உயரத்தை அவர் எட்டிப்பிடித்த விதம் எளிமையானது. அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். மற்றவர்கள் கடையைச் சாத்தினார்கள்.

ஸ்டார்க்வால்ட் என்பது ஏதோ ஒரு பனிநாட்டில் பிறந்து, அங்கேயே செத்தும்போன வண்டி. அதன் பெயரை மட்டும் யாரோ வாங்கிவந்து, வடக்கே ஒரு ஷெட்டில் உயிர் கொடுத்திருந்தார்கள். விலை, சின்னக் கார் வாங்குகிற விலை. சத்தம், நெல் மில் சத்தம். கிழக்குக் கடற்கரைச் சாலை ரைடர்களின் சொர்க்கம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். உப்பளத்தைப் பார்த்த மாதிரி கண்ணாடி முகப்போடு ஷோரூம் போட்டார் தட்சணாமூர்த்தி. ரைடர்கள் வந்தார்கள். சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து பாண்டிக்குப் போனார்கள், ஞாயிறு மாலை பாண்டியிலிருந்து சென்னைக்குப் போனார்கள். நடுவில் ஒருவரும் காலை ஊன்றவில்லை.

முதலில் விஜயவாடா டீலர் மூடினார். அந்த வாரமே கம்பெனியிலிருந்து தட்சணாமூர்த்திக்கு ஒரு கேடயம் வந்தது: வட்டாரத் தூதர். கொச்சி மூடியபோது கேடயத்தின் உயரம் ஒரு சாண் கூடியது. பெங்களூரு மூடியதும் மாநில ஆலோசகர் ஆனார். கோயம்புத்தூர் டீலர் ஒருநாள் போன் செய்து, தழுதழுத்த குரலில், "அடுத்தது நீங்கதான் சார், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். மறுநாளே தட்சணாமூர்த்தி சால்வை வாங்க ஆள் அனுப்பினார்.

இதற்கிடையில் சில சின்ன விஷயங்கள் நடந்தன. உதிரி பாகம் கேட்டு எழுதினால் வாழ்த்து மடல் வந்தது. மெக்கானிக் ஒரு காலையில் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் புதுச்சேரியில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கடைக்குப் போய்விட்டான். கம்பெனி நம்பரில் பேசும் குரல் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது, பிறகு பதிவு செய்த குரல் ஆனது, பிறகு அந்தக் குரலும் பாதி வாக்கியத்தில் நின்றுபோக ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க உப்பளக் காற்று கண்ணாடிக் கதவின் இடுக்கு வழியாக ஊதிக்கொண்டே இருந்தது. விடிந்து பார்த்தால் டெமோ வண்டியின் வெள்ளி பூசிய பாகங்களில் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். மறுநாள் இன்னும் கொஞ்சம் பெரிய புள்ளிகள்.

"இதெல்லாம் வளர்ச்சிக்கால வலி" என்றார் மனைவியிடம்.

"வளருது, தெரியுதுங்க" என்றாள் விஜயலட்சுமி, புள்ளிகளைப் பார்த்தபடி.

பதவியேற்புக்கு முந்தின வியாழக்கிழமை ஜான்சன் போன் செய்தான். கம்பெனியின் ஏரியா மேனேஜராக இருந்து, சம்பளம் வராமல் வெளியே வந்தவன்.

"சார், தனியா இருக்கீங்களா?"

"சொல்லு ஜான்சன். ஞாயித்துக்கெழமை ஃபங்ஷனுக்கு வர்றதான?"

"ஃபங்ஷன வுடுங்க சார். முன்பிரேக்குக்குள்ள ஒரு ரப்பர் சீல் இருக்குது. உப்புக்காத்து பட்டா உள்ளயே அரிச்சிடுது. வெளிய ஒன்னும் தெரியாது. நல்லாத்தான் புடிக்கும். ஒருநாள் லிவர அமுக்குனா கை வெறுங்கையா போவும், அவ்ளோதான். கம்பெனிக்குத் தெரியும். கொச்சில ஒருத்தர் போய்ட்டாரு."

"போய்ட்டாருன்னா, கடைய மூடிட்டா?"

"இல்ல சார்" என்றான். "உங்க கடலோரத்துல ஒரு ஸ்டார்க்வால்டும் ஓடக்கூடாது. உங்க டெமோ வண்டியக்கூட எடுக்காதீங்க."

தட்சணாமூர்த்தி விற்ற வண்டிகளில் பெரும்பாலானவை சென்னைவாசிகளின் போர்வைக்கடியில் தூங்கின. கடலோரத்தில் தினம் ஓடியது ஒன்றுதான். பிரம்மதேசத்து அருள்மொழி வாங்கியது. கல்யாண வீடுகளுக்குக் கேண்டிட் போட்டோ எடுக்கிற பெண். சம்பாதித்ததையெல்லாம் கொட்டி, அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, கேமராப் பையை முதுகில் மாட்டி, மண்டபம் மண்டபமாக அதில்தான் போய்வந்தாள். ஷோரூம் சுவரில் அவள் படம்தான் ஆளுயரத்துக்குத் தொங்கியது.

அவளுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லவும் முயன்றார். ஆனால் தை மாத வாக்கில் அவள் 'ஸ்டார்க்வால்ட் குடும்பம்' வாட்ஸப் குழுவில், "பிரேக் ஒரு மாதிரி இருக்கு சார்" என்று எழுதியிருந்தாள். தலைவர் அதற்கு, நம்பிக்கையே சிறந்த பிரேக் என்று உதயசூரியன் படத்தோடு பதில் அனுப்பினார். அவள் இன்னொரு முறை எழுதினாள். குழுவின் கண்ணியம் காக்க அவளை நீக்கினார். அவள் தன் பங்குக்கு அவர் நம்பரையே தடை செய்துவிட்டாள். இப்போது கூப்பிட்டால் ஒரு மணி மட்டும் அடித்துச் செத்தது.

முயற்சி செய்தாகிவிட்டது என்று மனசாட்சிக்குத் தெரிவித்தார். மனசாட்சி ஏற்றுக்கொண்டது. சாயங்காலம் கம்பெனியிலிருந்து மின்னஞ்சலும் வந்தது. வதந்தி பரப்பும் பிரதிநிதிகளின் அங்கீகாரம் உடனே ரத்தாகும், ஞாயிறு பதவியேற்பு திட்டமிட்டபடி நடக்கும். பிரம்மதேசம் ஒன்றும் பனிநாட்டில் இல்லை, ஒரு நடை போய்வரலாம். திங்கட்கிழமை போகலாம் என்று முடிவு செய்தார். தலைவர் என்ற முறையில் சொன்னால் எடுபடும்.

அந்த மூன்று ராத்திரியும் அவர் தூங்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு கை லிவரை அமுக்குகிறது. கை வெறுமனே போகிறது. யார் கை என்று பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷோரூமில் வாழைமரம் கட்டியிருந்தது. கத்திரி முடிந்தும் குறையாத வெயிலில் தட்சணாமூர்த்தி கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்டு, அதன்மேல் சால்வை போர்த்தி நின்றார். முன் வரிசையில் உப்பு வியாபாரிகள் சங்கத்துச் சேட்டு, போண்டாவும் கையுமாக. சுவரில் பெரிய டிவி. கம்பெனியின் நிர்வாக இயக்குநர் வடக்கேயிருந்து காணொளியில் தோன்றி மகுடம் சூட்டுவதாக ஏற்பாடு. டிவியில் ஒரு வரி மட்டும் இருந்தது: கூட்டத்தை நடத்துபவர் உங்களை உள்ளே அனுமதிக்கும்வரை காத்திருக்கவும்.

காத்திருந்தார்கள். போண்டா ஒரு சுற்று முடிந்தது. வரி மாறவில்லை.

"ஏம்பா மூர்த்தி" என்றார் சேட்டு, "உள்ள இருக்கிறவன் கதவத் தொறக்க மாட்டேங்கறானா, இல்ல உள்ள ஆளே இல்லையா?"

"நெட்வொர்க் பிராப்ளம் சேட்டு. அங்க பனி."

"வைகாசிலயா?"

"அங்க எப்பவுமே பனிதாம்பா."

"கம்பெனி வடக்கதான இருக்குதுன்ன?"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மரக்காணம் பக்கமிருந்து 108 வண்டி அலறிக்கொண்டு வந்து, ஷோரூம் கண்ணாடியெல்லாம் அதிர, தெற்கே போனது. சத்தம் உப்பளங்களைத் தாண்டித் தேய்ந்து மறைந்தது. டீ கொண்டுவந்த ஆள் டம்ளர்களை வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்:

"கூனிமேடு கிட்ட யாரோ பொண்ணாம். பைக்குலேர்ந்து வுழுந்துடுச்சாம். பஸ்ஸு வந்து நேரா..." மீதியைக் கையால் காட்டினான்.

தட்சணாமூர்த்தி எடுத்த டம்ளரைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"ஏங்க" என்றாள் விஜயலட்சுமி, மெதுவாக, "அருள்மொழி இன்னிக்கி பொம்மையார்பாளையத்துல முகூர்த்தம்னு ஸ்டேட்டஸ் வச்சிருந்துச்சே. கூனிமேடு வழியாதான போவணும்?"

அவளுக்கு பிரேக் விஷயம் எதுவும் தெரியாது. அவள் சும்மாதான் சொன்னாள். ஆனால் அவர் அவளுடைய போனைப் பிடுங்கி அருள்மொழியைக் கூப்பிட்டார். முழு மணியும் அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் முழு மணி.

"எங்க போறீங்க?"

"வந்துடறேன்."

"ஸ்கூட்டிய எடுத்துக்குங்க, வெளியதான் நிக்குது."

தென் மண்டலத் தலைவர், பதவியேற்பு நாளில், முன்னால் பூக்கூடை மாட்டிய ரோஸ் கலர் ஸ்கூட்டியில் போவதா? ரத்தம் சுண்டிப்போன அந்த நேரத்திலும் அந்தக் கேள்வி அவருக்குள் எழுந்ததை இங்கே பதிவு செய்தாக வேண்டும். டெமோ வண்டியை உதைத்தார். நெல் மில் ஓடத் தொடங்கியது. வாழைமரத்தை ஒட்டி வளைந்து சாலையில் ஏறினார். சால்வை பின்னால் பறந்தது.

இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் குத்தின. சாலை நீளத்துக்கும் கானல். அவர் மனதுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனார். முதலில் அவள் அப்பாவிடம் பேசுவதுபோல், பிறகு போலீஸிடம் பேசுவதுபோல், கடைசியில் யாருமில்லாமல் தனக்கே. எனக்குத் தெரியும். வியாழக்கிழமையே தெரியும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பேச்சு நின்றது, வண்டி மட்டும் வேகம் எடுத்தது.

உப்பு ஏற்றிய லாரி ஒன்று, அளத்துப் பாதையிலிருந்து பின்பக்கமாகச் சாலைக்கு ஏறியது.

தட்சணாமூர்த்தி முன்பிரேக்கை அமுக்கினார்.

லிவர் மென்மையாக, வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல், கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் கணத்தில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது அவருக்கு: டெமோ வண்டியையும் எடுக்காதீர்கள் என்று ஜான்சன் சொன்னது, மூன்று ராத்திரியாகக் கனவில் பார்த்த கை, அதில் கிடந்த தன் நவரத்தின மோதிரம். காலால் பின்பிரேக்கை மிதித்தார். சிந்திக்கிடந்த உப்பில் பின்சக்கரம் வழுக்கியது. லாரியின் பின்கதவு முகத்துக்கு நேராக வந்து, விலகி, மேலே போனது. பிறகு வானம். பிறகு வெந்நீர்.

அது உப்பளப் பாத்தி. முழங்கால் ஆழம்கூட இல்லை. வண்டி தலைகுப்புறக் கிடந்து புகை விட்டது. முழங்கையிலும் கன்னத்திலும் சிராய்த்த இடமெல்லாம் உப்புநீர் பட்டுத் தீயாக எரிந்தது. வரப்பில் உப்பு வாரிக்கொண்டிருந்த மாரியம்மாள் பலகையை ஊன்றியபடி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாத்தில செருப்போட எறங்கக்கூடாதுங்க" என்றாள்.

எழுந்து வரப்பில் உட்கார்ந்தார். அப்போது தெற்கேயிருந்து அந்த 108 வண்டி திரும்பி வந்தது. இப்போது சத்தம் போடவில்லை, அவசரப்படவும் இல்லை. லாரியையும் பாத்தியில் கவிழ்ந்து கிடந்த பைக்கையும் கண்டு ஓரம் கட்டியது. டிரைவர் இறங்கி வந்தான்.

"அந்தப் பொண்ணு?" என்றார் தட்சணாமூர்த்தி.

"நாங்க போறதுக்குள்ள யாரோ கார்ல தூக்கிப் போட்டுனு போய்ட்டாங்க சார். ரோட்ல ரத்தந்தான் இருந்துச்சு. நீங்க கைய நீட்டுங்க, பாக்கலாம்."

அவர் கையை நீட்டவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆயுளில் முதல் முறையாக, பார்க்க ஆள் இருக்கிறதா என்று கவனிக்காமல் அழுதார்.

ஜாக்கெட் பைக்குள் விஜயலட்சுமியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். அருள்மொழி என்று இருந்தது. அவள் போனிலிருந்து வேறு யாராவது பேசுவார்கள், போலீஸ்காரராக இருக்கும், இல்லையென்றால் அவள் அப்பா. எடுத்துக் காதில் வைத்து ஒன்றும் பேசாமல் இருந்தார்.

போனுக்குள் நாதஸ்வரம் கேட்டது.

"அக்கா, சாரிக்கா, தாலி கட்டற நேரம், சைலண்ட்ல போட்டு வச்சிருந்தேன். இன்னாக்கா, ரெண்டு வாட்டி கூப்ட்டுருக்கீங்க?"

"அருள்மொழி" என்றார். "நான் ஷோரூம் தட்சணாமூர்த்தி பேசறேன். வச்சிடாதம்மா."

"சார், நான் வேலையா இருக்கேன்."

"அந்த வண்டில திரும்பி வராதம்மா. பிரேக்கு புடிக்காது. எனக்கு வியாழக்கெழமையே தெரியும். பதவிக்கு ஆசப்பட்டு சொல்லாம வுட்டேன். நீ செத்துட்டன்னு நெனச்சேன். நான் மனுசனே இல்ல. கோர்ட்டுக்குப் போ, பேப்பருக்கு சொல்லு, இன்னா வேணாலும் பண்ணு. அந்த வண்டிய மட்டும் தொடாத."

"எந்த வண்டி சார்?" என்றாள் அருள்மொழி.

ஸ்டார்க்வால்டை அவள் மாசி மாதமே திண்டிவனத்துக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள்.