டிரைவருக்குக் கட்டில் இலவசம்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்குச் சனி, ஞாயிறு என்றால் ஸ்டீயரிங்கைத் தொடாத நாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இரண்டு நாளின் மேல் அவள் ஓர் ஆசை வைத்தாள். கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலத்தின் ஒரு கரையோரமாகக் காரில் போய், முனையில் ஒரு ராத்திரி தங்கி, மறு கரையோரமாகத் திரும்புவது. அப்படிச் சுற்றினால் போகும்போதும் வரும்போதும் கடல் இடது பக்கமே இருக்கும். இடது ஜன்னல் அவளுக்கு. அவ்வளவுதான் கேட்டாள். சொத்தையா எழுதிக் கேட்டாள்?

வழி, நிறுத்தம், நேரம் எல்லாவற்றையும் பிள்ளைகளின் வருகைத் தாளுக்குப் பின்பக்கத்தில் அவளே எழுதினாள். "ஓட்டுறது என் பொறுப்பு அண்ணி. நீங்க ஜாலியா உக்காந்து வாங்க" என்று கொழுந்தன் வாய் நிறையச் சொன்னார். விடுதியைப் பதிவு செய்கிற வேலையையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வண்டி எடுக்குமுன் தலை எண்ணுகிற பழக்கம் அவளை விடாது. விடுதிச் சீட்டை வாங்கி எண்ணினாள். ஒரே அறை, நாலு கட்டில். கணவர், கொழுந்தன், ஓரகத்தி, ஓரகத்தியின் மகள். ஆள் ஐந்தாயிற்றே? அடியில் பொடி எழுத்தில் அவள் இருந்தாள்: டிரைவர் ஒருவர், கார் ஷெட்டுக்குப் பின்னால் இலவசக் கட்டில்.

"இது என்ன?"

"அதுவா அண்ணி? டிரைவர்னு போட்டா ஒரு கட்டில் ஃப்ரீயாம்" என்றார் கொழுந்தன். "எனக்கு இடுப்பு வலி வேற. உங்களுது பழகின கை, நீங்களே ஓட்டிடுங்க."

அவள் கணவரிடம் திரும்பினாள். "உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்" என்றார் அவர், பிஸ்கட்டைக் கடித்தபடி. "தூங்கத்தான போறோம். எந்த இடமா இருந்தா என்ன?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குழந்தை குறைந்தாலும் வண்டியை நகர்த்தாதவள் அவள். கட்டின புருஷன் அவளை ஆள் கணக்கிலேயே சேர்க்காமல் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார்! என்ன ஜன்மமோ!

சீட்டிலிருந்த எண்ணுக்கு அங்கேயே போன் போட்டாள்.

"சனிக்கிழமை பதிவு விஷயமாப் பேசறேன். அதுல டிரைவர் மாறியாச்சு. எனக்குத் தனியா ஒரு ரூம் போடுங்க, கடலைப் பார்த்த மாதிரி. ஆமா, ஒரு ஆள்தான். பஸ்ல வரேன்."

"பஸ்லயா?" என்றார் கணவர். பிஸ்கட் பாதியில் நின்றது.

"ஆமா. இடது பக்கம் ஜன்னல் சீட்டு." கார்ச் சாவியை மேசை நடுவில் வைத்தாள். "உங்க ரெண்டு பேர்ல யாரு ஓட்டுறீங்களோ, கட்டில் அவங்களுக்கு ஃப்ரீ."

அண்ணனும் தம்பியும் சாவியைப் பார்த்தார்கள். கொழுந்தனின் கை மெதுவாக இடுப்புக்குப் போயிற்று.