டோட்டல் லாஸ்

ரவிச்சந்திரன் பானெட்டைத் திறக்கச் சொல்லவேயில்லை. நம்பர் பலகையைப் பார்த்தார். பின்பக்கம் போய் அங்கேயும் ஒருமுறை பார்த்தார்.

"இந்த வண்டிய எனக்குத் தெரியும்" என்றார்.

சதுரங்கப்பட்டினத்தில் ஜெசிந்தாவின் வீட்டு வாசலில் அந்த வெள்ளைக் கார் கழுவித் துடைத்து நின்றது. விலை பேச வந்தவர் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருக்கும் சுப்புராமன். கூட வந்த ரவிச்சந்திரன் அவருடைய மைத்துனர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சேதக் கணக்குச் சொல்லும் சர்வேயர். இரண்டாயிரத்து ஐந்து மழையில் வேளச்சேரியில் கூரை மட்டும் தெரிய நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்த வண்டி இது, சரிசெய்யும் செலவு வண்டியின் விலையைத் தாண்டியதால் டோட்டல் லாஸ் என்று எழுதிக் கொடுத்ததே நான்தான் என்றார் அவர். சொந்தக்காரரான டாக்டருக்குக் கம்பெனி முழுப் பணமும் கொடுத்துவிட்டு, வண்டியைக் காயலான் விலைக்குத் தள்ளிவிட்டதாம்.

"ஆர்.சி. புக்குல ஒண்ணுமே எழுதலியே சார்?" என்றாள் ஜெசிந்தா.

"அதுல எழுத மாட்டாங்கம்மா. அப்படி ஒரு வழக்கமே இங்க கிடையாது."

பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். ஜெசிந்தா காரைத் திரும்பிப் பார்த்தாள். மாமல்லபுரத்து ரிசார்ட்டில் ஊரார் படுத்தெழுந்த விரிப்புகளை உதறி உதறிச் சேர்த்ததை எல்லாம் போட்டு, செங்கல்பட்டு புரோக்கர் சின்னராசுவிடம் வாங்கிய வண்டி. ஒரே கை ஓட்டியது, டாக்டர் வண்டி என்றான் அவன். அது பொய்கூட இல்லை. கழுத்தளவு உண்மையைச் சொல்லிவிட்டு மிச்சத்தை விழுங்கியிருக்கிறான். வாங்கின நாளிலிருந்து தரைவிரிப்பில் சேற்று வாடை போகவில்லை; ஹாரன் தானாக அலறியது. கோவளம் தாண்டி வெள்ளைக்காரத் தம்பதியோடு நடுரோட்டில் நின்றுபோனது. அதற்குப் பிறகு ரிசார்ட்டில் அவள் புருஷன் ஞானதாஸைச் சவாரிக்குக் கூப்பிடுவதே நின்றது. வண்டி வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள் என்று இரண்டு வருஷமாகப் புருஷனை அவள் திட்டாத நாளில்லை. அவனும் தன் மேல்தான் தப்பு என்று நம்பியவனாகத் தலைகுனிந்தே இருந்தான். இப்போதும் அப்படித்தான் நின்றான்.

சுப்புராமன் மைத்துனரைத் தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ பேசிவிட்டு, முகத்தில் இரக்கத்தோடு திரும்பி வந்தார். இந்த மாதிரி வண்டியை விஷயம் தெரிந்தவன் தொடக்கூட மாட்டான், இருந்தாலும் உங்கள் நிலைமை புரிகிறது, பாதி விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஞானதாஸ் தலையாட்டத் தொடங்கினான்.

ஜெசிந்தா கேட்டாள்: "நாளைக்கி நீங்க விக்கும்போது, வாங்க வர்றவங்ககிட்ட இது முங்கின வண்டின்னு சொல்லுவீங்களா சார்?"

சுப்புராமன் சிரித்தார். "பேப்பர்ல இல்லாதத நாம எதுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"எங்கிட்ட வாங்கும்போது முங்கின வண்டி. உங்க கையால போவும்போது நல்ல வண்டியா?"

ரவிச்சந்திரன் செருப்பைப் பார்த்தார். அவள் புருஷன் கையிலிருந்து சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர்கள் போனபிறகு ஞானதாஸ் மெல்லப் பேச்செடுத்தான். கடப்பாக்கத்தில் கருப்பன் வண்டி தேடிக்கொண்டிருக்கிறான், நம்ம சனம்தான், அவனுக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை என்றான்.

"அவன் பொண்டாட்டியும் ரெண்டு வருசம் அவன திட்டிகினு கெடக்கட்டும்ன்றியா?"

ஞானதாஸ் அன்று முதன்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

மறுநாள் காலை இருவரும் அதே காரில் செங்கல்பட்டுக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சின்னராசு டீ வரவழைத்தான். எனக்கும் சொல்லாமல்தான் விற்றார்கள், நானும் ஏமாந்தவன்தான், விற்றது விற்றதுதான் என்றான். ஜெசிந்தா டீயைத் தொடவில்லை. எதிர் ஹார்டுவேர் கடையில் ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்தாள். ஞானதாஸ் தானாகவே காரை எடுத்து, விற்க வரிசையாக நின்ற சின்னராசுவின் வண்டிகள் ரோட்டுக்கு வரும் வழியை அடைத்து நிறுத்தினான். பின்கண்ணாடியில் அவள் பெரிய எழுத்தாக எழுதினாள்: வெள்ளத்தில் முங்கின வண்டி. சின்னராசு வித்தது.

"யக்கா, அத துடச்சிடு. உள்ள வா, பேசிக்கலாம்" என்று சின்னராசு ஓடிவந்தான். ஞானதாஸ் நகர்ந்து அவனுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்றான்.

பைக்கில் கார் பார்க்க வந்த ஓர் இளம் தம்பதி அங்கேயே நின்று எழுத்தைப் படித்தார்கள். புருஷன் கிளம்பலாம் என்று ஜாடை காட்டினான். அந்தப் பெண் மட்டும் உள்ளே போய், வரிசையில் பளபளத்த ஒரு நீலக் காரின் கதவைத் திறந்து, குனிந்து, தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி மோந்து பார்த்தாள்.